வீட்டு முகப்புக்கு எதைப் பதிப்பது: டைல்ஸா, கல்லா, செங்கல்லா, ஏசிபியா?

பூச்சு வேலை முடிந்து, சாரம் அவிழ்க்காமல் நிற்கும் அந்தப் பத்துப் பதினைந்து நாளில்தான் இந்தக் கேள்வி எழும். ஒப்பந்தக்காரர் நான்கு மாதிரித் துண்டுகளைக் கொண்டுவந்து வாசலில் பரப்புவார். "எலிவேஷனுக்கு எது என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள், சாரத்துக்கு வாடகை ஏறிக்கொண்டே போகிறது" என்பார். மயிலாடுதுறையிலிருந்து ஒரு வாசகர் இந்த நிலையில்தான் எழுதியிருக்கிறார். மேற்குப் பார்த்த வாசல், 30 அடி அகலம், தரைத்தளமும் மாடியுமாக 22 அடி உயரம். மேஸ்திரி டைல்ஸ் என்கிறார். மாமனார் கிரானைட் என்கிறார். ஏசிபி என்ற அலுமினியப் பலகை போட்டால் பளிச்சென்று இருக்கும் என்கிறான் மகன். மனைவிக்குச் செங்கல் முகம் பிடித்திருக்கிறது.

அவர் வீட்டையே கணக்குக்கு எடுத்துக்கொள்கிறேன். 30 × 22 என்றால் 660 சதுர அடி. ஜன்னலும் கதவும் போக மீதி குறையும் என்றாலும், எடையும் செலவும் எந்த அளவில் இருக்கும் என்று காட்ட இந்த எண் போதும். விலையை ரூபாயில் எழுதவில்லை. அது ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறுகிறது. எந்தெந்த இனத்தில் பணம் போகும் என்பதை மட்டும் விடாமல் சொல்கிறேன்.

## எதை வைத்து அளப்பது

நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: இது கழன்றால் யார் மேல் விழும், எவ்வளவு உயரத்திலிருந்து விழும்? வீட்டு முன்சுவருக்குக் கீழேதான் குழந்தை விளையாடும், ஸ்கூட்டர் நிற்கும், கீரைக்காரம்மா கூடையை இறக்கி வைப்பார். கடையில் மாதிரித் துண்டைக் கையில் வைத்துப் பார்க்கிறபோது இந்தக் கேள்வி யாருக்கும் தோன்றுவதில்லை.

இரண்டாவது, தண்ணீர். ஐப்பசி, கார்த்திகையில் காற்றோடு அடிக்கும் மழை சுவரில் கிடைமட்டமாக மோதும். எந்தப் பதிப்பும் இணைப்புகளில் கொஞ்சமாவது தண்ணீரை உள்ளே விடும். உள்ளே போனது எந்த வழியாக வெளியே வரும் என்பதைப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, வெயில். மேற்குச் சுவர் பிற்பகல் முழுக்கக் காய்ந்து, மாலை மழையில் திடீரென்று குளிரும். சுவர் ஒரு அளவு விரியும், அதன் மேல் ஒட்டிய பொருள் வேறொரு அளவு விரியும். இந்த இழுபறிதான் பதிப்பைக் கழற்றுகிறது.

நான்காவது, தீ. ஐந்தாவது, பத்து ஆண்டு கழித்து ஒரு துண்டு உடைந்தால் யார் வந்து, எதில் ஏறி, எதை வைத்து மாற்றுவார்கள் என்பது. எல்லாவற்றுக்கும் பிறகுதான் அழகு. அழகு எனக்கு முக்கியமில்லை என்று நினைத்துவிட வேண்டாம். மூன்றாம் ஆண்டில் பல் விழுந்ததுபோல் இரண்டு டைல்ஸ் இல்லாமல் நிற்கும் முகப்பு அழகாக இருக்காது என்பதால்தான் இந்த வரிசை.

## பூச்சும் வண்ணமும்

பதிப்பே இல்லாத இந்த வழியை யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை. மற்ற எல்லாவற்றையும் இதோடு ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

நல்ல சிமெண்ட் பூச்சு, அதன் மேல் வெளிச்சுவருக்கான பிரைமர், இரண்டு கை எமல்ஷன். கழன்று விழ எதுவும் இல்லை. வெடித்தால் கண்ணில் படும், பட்ட இடத்தைச் சரிசெய்யலாம். வெளிர் நிறம் பூசினால் மேற்கு வெயிலில் கணிசமான பகுதியைத் திருப்பி அனுப்பும். ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி வண்ணம் பூச வேண்டும், ஒவ்வொரு முறையும் சாரம் கட்ட வேண்டும். இதன் மறைமுகச் செலவு அதுதான்.

பூச்சு கெடுவதற்குக் காரணம் பெரும்பாலும் அவசரம். கான்கிரீட் தூணும் செங்கல் சுவரும் சேரும் கோட்டில் கோழிவலை அடிக்காமல் பூசினால் அந்தக் கோட்டிலேயே வெடிப்பு ஓடும். பூச்சுக்கு ஒரு வாரமாவது தண்ணீர் காட்ட வேண்டும். பிறகு நான்கு வாரம் உலரவிட்டுத்தான் வண்ணம் பூச வேண்டும். கிரகப்பிரவேசத் தேதியை முன்னிட்டு ஈரச் சுவரில் பூசிய வண்ணம் அடுத்த மழைக்கே கொப்பளிக்கும்.

செட்டிநாட்டு வீடுகளில் கடுக்காயும் வெல்லமும் சேர்த்த சுண்ணாம்புக் கலவையை அடுக்கடுக்காகப் பூசித் தேய்த்திருக்கிறார்கள். பல தலைமுறை கடந்தும் அந்தச் சுவர்கள் தொட்டால் வழுக்குகின்றன. பூச்சு என்றால் மட்டம் என்று நினைப்பவர்கள் ஒருமுறை காரைக்குடிப் பக்கம் போய் அவற்றைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும்.

## எலிவேஷன் டைல்ஸ்

தமிழ்நாட்டில் இன்று அதிகம் விற்பது இதுதான். கல்போல, மரம்போல, செங்கல்போல அச்சடித்து வருகிறது. விலை குறைவு, துடைத்தால் சுத்தம். மேஸ்திரி இதைச் சொல்வதற்குக் காரணம், அவரிடம் தரை டைல்ஸ் ஒட்டும் ஆட்கள் இருக்கிறார்கள்.

சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. முகப்புக்கு வாங்குவது பெரும்பாலும் விட்ரிஃபைடு டைல்ஸ். அது உறிஞ்சும் தண்ணீர் தன் எடையில் 0.5 சதவீதத்துக்கும் குறைவு. மழைக்கு இது நல்ல குணம். ஒட்டுவதற்கோ இதுவே கெட்ட குணம். சிமெண்ட் பால் பிடித்துக்கொள்ள வேண்டுமானால் அது பொருளின் நுண்துளைகளுக்குள் ஊறிப் போய் இறுக வேண்டும். விட்ரிஃபைடு டைல்ஸின் முதுகு அதை உள்ளே விடாது. தரையில் புவியீர்ப்பு டைல்ஸைக் கீழே அழுத்திக் காப்பாற்றுகிறது. சுவரில் அதே புவியீர்ப்பு அதைக் கழற்றப் பார்க்கிறது.

என் நண்பர் வீட்டில் இதை நேரில் பார்த்தேன். மாடி முகப்பு முழுக்க மரநிற டைல்ஸ், சிமெண்ட் கலவையில் ஒட்டியது. மூன்றாம் ஆண்டுக் கோடையில், ஒரு பிற்பகல், நான்கு டைல்ஸ் ஒன்றாகக் கழன்று வாசல் படியில் சிதறின. அரை மணி நேரம் முன்புதான் அவர் அம்மா அந்தப் படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பிறகு சாரம் கட்டி ஒவ்வொரு டைல்ஸையும் தட்டிப் பார்த்தோம். பாதிக்கு மேல் வெற்றுச் சத்தம். நடுவில் மட்டும் கலவை வைத்து, நான்கு மூலையும் காலியாக விட்டு ஒட்டியிருந்தார்கள். அவர் அதற்கு முன்பு முகப்பைப் பற்றி என்னிடம் கேட்டபோது, "அழகாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டு வந்தவன் நான். அன்றிலிருந்து முதல் கேள்வி மாறிவிட்டது.

இதைத் தேர்ந்தெடுப்பதானால் பாலிமர் கலந்த டைல்ஸ் அட்ஹெசிவில்தான் ஒட்ட வேண்டும். மூட்டையில் ஐ.எஸ். 15477 என்ற எண்ணும், வெளிச்சுவருக்கு உகந்த வகை என்ற குறிப்பும் இருக்கிறதா என்று பாருங்கள். பல் கரண்டியால் சுவரிலும் டைல்ஸ் முதுகிலும் தடவி, காலியிடம் இல்லாமல் அழுத்த வேண்டும். டைல்ஸை ஒன்றோடொன்று முட்டவிடாமல் 3 மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும். சுமார் 3 மீட்டருக்கு ஒருமுறையும் மாடித் தளம் வரும் மட்டத்திலும் சிலிக்கோன் நிரப்பிய அகலமான இணைப்பு ஒன்று வேண்டும், சுவர் விரிய இடம் கொடுக்க. இத்தனையும் சேர்ந்தால் "விலை குறைவு" என்ற பேச்சு அடங்கிவிடும். அட்ஹெசிவின் விலை சில இடங்களில் டைல்ஸ் விலையை எட்டிப் பிடிக்கிறது.

அடர் நிறங்களை மேற்குச் சுவரில் தவிர்த்துவிடுங்கள். கறுப்புக்கும் காப்பிக்கொட்டை நிறத்துக்கும் வெயில் ஏறுவது மிக அதிகம், விரிவும் அதற்கேற்பக் கூடும்.

## இயற்கைக் கல்

கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்துக் கிரானைட், ஆந்திரத்துக் கடப்பா, ராஜஸ்தானத்து மணற்கல். மூன்றையும் "கல்" என்று ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம், மூன்றும் மூன்று விதம்.

கிரானைட் வெயிலுக்கும் மழைக்கும் அசையாது. கடப்பா சுண்ணாம்புக்கல் வகை. கறை போக்க ஆசிட் ஊற்றினால் நுரைத்து அரித்துப்போகும். கட்டட வேலை முடிந்ததும் சிமெண்ட் கறையை ஆசிட்டால் கழுவும் வழக்கம் நம் ஊரில் உண்டு. கடப்பா பதித்த சுவரில் அதை அனுமதிக்கக் கூடாது. மணற்கல் தண்ணீரை உறிஞ்சும், மழைக்காலத்தில் பாசி பிடிக்கும். ஸ்லேட் என்று விற்கும் ஏட்டுக்கல் சில ஆண்டுகளில் ஏடு ஏடாக உரியலாம். உளியால் கொத்திய கரடுமுரடு முகம் பார்க்கக் கம்பீரமாக இருந்தாலும் சாலைப் புழுதி மொத்தமும் அதில் தங்கும்.

எடைக்கு வருவோம். 20 மில்லிமீட்டர் கிரானைட் ஒரு சதுர அடிக்கு ஏறக்குறைய 5 கிலோ. இரண்டடிக்கு இரண்டடிப் பலகை 20 கிலோ. மயிலாடுதுறை வீட்டு முன்சுவர் முழுக்கப் பதித்தால் 3 டன்னுக்கு மேல் சுவரில் தொங்கும்.

தஞ்சைப் பெரிய கோயிலில் கல் ஆயிரம் ஆண்டு நிற்கவில்லையா என்று மாமனார் கேட்கலாம். நிற்கிறது. அங்கே கல் கல்லின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதன் பாரம் நேராகக் கீழே இறங்கி அடித்தளத்துக்குப் போகிறது, கல்தான் அங்கே சுவர். நாம் பதிக்கும் கல்லோ சுவரைப் பிடித்துத் தொங்கும் கல். அதைத் தாங்குவது முதுகில் தடவிய சில மில்லிமீட்டர் பசை மட்டும்.

ஆகவே ஆள் உயரத்துக்கு மேல் கல் போவதானால் பசையை மட்டும் நம்பக் கூடாது. கல்லின் ஓரத்தில் துளையிட்டு, துருப்பிடிக்காத எஃகுக் கொக்கிகளால் சுவரோடு பிணைக்க வேண்டும். கடற்கரையை ஒட்டிய ஊர்களில் சாதாரண 304 ரக எஃகுக்கும் உப்புக் காற்றில் துரு வரும், 316 ரகம் கேளுங்கள். அந்தக் கொக்கி, துளையிடும் கூலி, வெட்டுச் சேதம், பாரம் தூக்கும் கூலி ஆகியவற்றைச் சேர்த்துக் கேட்டால்தான் கல்லின் உண்மையான விலை தெரியும்.

கல் தன் குணத்தைக் காட்டும் இடம் வீட்டின் கீழ்ப்பகுதி. மழை தரையில் பட்டுத் தெறிக்கும் முதல் மூன்று நான்கு அடி, சைக்கிள் சாயும் சுவர், போர்டிகோத் தூண். அங்கே வண்ணம் ஒரு மழைக்காலத்தில் அழுக்காகிவிடும், கல் அப்படியே இருக்கும்.

## செங்கல் முகம்

இதில் இரண்டு வழி உண்டு. சுவரையே நல்ல வயர்கட் செங்கலில் (இயந்திரத்தில் கம்பியால் அறுத்த செங்கல்) பூசாமல் கட்டுவது ஒன்று. கட்டி முடித்த சுவரில் 15 முதல் 20 மில்லிமீட்டர் தடிமனுள்ள செங்கல் வில்லைகளை ஒட்டுவது மற்றொன்று. சாரம் கட்டிய பிறகு கேட்பவருக்கு இரண்டாவது மட்டும்தான் வாய்க்கும். இன்னும் அடித்தளத்திலேயே இருப்பவர்கள் முதல் வழியை யோசிக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். சுவரும் முகமும் ஒன்றாக இருப்பதால் கழல எதுவுமில்லை, பூச்சுச் செலவு இல்லை, வண்ணச் செலவு இல்லை.

திருவனந்தபுரத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையம் பூசாத செங்கல்லால் ஆனது. கேரளத்து மழையைப் பல பத்தாண்டுகளாக வாங்கிக்கொண்டு நிற்கிறது. வீட்டுக்குச் செங்கல் முகம் கேட்பவர்கள் பேக்கரின் கூரைகளையும் பார்க்க வேண்டும். சுவரைத் தாண்டி நீண்டு நிழலும் மறைப்பும் கொடுக்கும் இறவாரங்கள் அவை. தலைக்குக் குடை இல்லாத செங்கல் சுவர் வேறு கதை.

வில்லையாக ஒட்டும் செங்கலுக்கு ஒரு நன்மை உண்டு. சுடுமண் தண்ணீரை உறிஞ்சுவதால் கலவை அதன் உடம்புக்குள் ஊறிப் பிடிக்கும். எடை சதுர அடிக்கு மூன்றரை கிலோ அளவில் இருக்கும். துண்டு சிறியது, ஒன்று கழன்றாலும் சேதம் குறைவு, மாற்றுவது சுலபம்.

தொல்லை கொடுப்பது உப்பு. செங்கல்லிலோ கலவையிலோ நனைக்கும் தண்ணீரிலோ உள்ள உப்பு, ஈரத்தோடு வெளியே வந்து வெள்ளையாகப் பூக்கும். ஆழ்குழாய்த் தண்ணீர் உவர்க்கும் ஊர்களில் இது நிச்சயம் வரும். வேலைக்கு நல்ல தண்ணீர் வாங்குங்கள். பூத்ததை உலர்ந்த தூரிகையால் துடைத்தால் போதும், நாளாவட்டத்தில் குறையும். பளபளப்புக்காக வார்னிஷ் அடிப்பதுதான் பெரும் தவறு. ஈரம் வெளியேற முடியாமல், உப்பு அந்தப் படலத்துக்கு அடியில் படிகமாகி, செங்கல்லின் முகத்தையே செதிள் செதிளாக உரிக்கும். படலம் போடாமல் உள்ளே ஊறும் சிலேன்-சிலாக்சேன் வகைப் பூச்சு கடைகளில் கிடைக்கிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை அடிக்க வேண்டும், அந்தச் செலவையும் எழுதிக்கொள்ளுங்கள்.

## ஏசிபி

இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகள், நடுவில் ஒரு நிரப்பு. மொத்தம் 3 அல்லது 4 மில்லிமீட்டர். சதுர அடிக்கு ஏறக்குறைய அரைக் கிலோதான். பழைய கட்டடத்தின் முகத்தை ஒரே வாரத்தில் மாற்றிவிடலாம். கடைக்காரர்கள் விரும்புவது நியாயம்தான்.

அந்த நடு நிரப்பில்தான் எல்லாமும் இருக்கிறது. மலிவான பலகையில் அது பாலித்தீன், நன்றாக எரியும் பிளாஸ்டிக். லண்டனில் கிரென்ஃபெல் டவர் என்ற 24 மாடிக் குடியிருப்பு 2017 ஜூன் 14 அன்று எரிந்தது. நான்காவது மாடிச் சமையலறையில் ஒரு குளிர்பதனப் பெட்டியில் பிடித்த தீ ஜன்னல் வழியாக வெளிச்சுவருக்குத் தாவி, பாலித்தீன் நிரப்பிய பலகைகள் வழியே உச்சிவரை ஏறியது. 72 பேர் இறந்தார்கள். நம்மவர் பலர் வேலை பார்க்கும் துபாயில் டார்ச் டவரில் 2015-லும் 2017-லும் வெளிச்சுவர் வழியே தீ பரவியது. இங்கிலாந்து 2018 டிசம்பரில், 18 மீட்டருக்கு மேல் உயரமான புதிய குடியிருப்புகளில் எரியக்கூடிய வெளிப்பதிப்பைத் தடைசெய்தது.

இரண்டு தள வீட்டில் அவ்வளவு உயரம் இல்லைதான். ஆனால் நம் வீட்டு முன்சுவரில் மின்சார மீட்டர் பெட்டியும் ஏசியின் வெளிப்பெட்டியும் இருக்கின்றன, கீழே வண்டி நிற்கிறது. ஏசிபி வேண்டும் என்று முடிவெடுத்தால் கனிம நிரப்புள்ள தீத்தடுப்பு ரகம்தான் வாங்க வேண்டும். விற்பவர் "எல்லாம் ஒன்றுதான்" என்று சொன்னால் வேறு கடைக்குப் போங்கள். பலகையின் வெட்டு முனையைக் காட்டச் சொல்லிச் சோதனைச் சான்றிதழைக் கேளுங்கள்.

பலகையின் வெளிப்புற வண்ணப் பூச்சு பி.வி.டி.எஃப். என்ற வகையாக இருந்தால் நிறம் நிற்கும், பாலியெஸ்டர் பூச்சு உள்ளறைக்கானது. பலகையைத் தாங்கும் சட்டம் இரும்புக் குழாயில் ரெட் ஆக்ஸைடு அடித்ததா, அலுமினியமா என்பதும் முக்கியம். பலகை பளபளத்துக்கொண்டிருக்க, பின்னால் இரும்பு துருவேறி இற்றுப்போகும், வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது. புயல் காற்று சுவரில் மோதுவதோடு நிற்பதில்லை. மூலைகளிலும் மேல் விளிம்பிலும் அது உறிஞ்சி இழுக்கும். இருபக்க ஒட்டு நாடாவில் நிற்கும் பலகை பறப்பது அப்போதுதான். சிலிக்கோன் இணைப்பு சில ஆண்டுகளில் வெடித்தால் தண்ணீர் பின்னால் இறங்கும். சுவரின் ஈரக்கறை உள்ளறையில் தெரியும்போது, அதைத் தேட முகப்பையே கழற்ற வேண்டும். இடுக்கில் குளவியும் பல்லியும் குடியேறும்.

ஏசிபி சரியான தேர்வாகும் இடம் உண்டு. அடிக்கடி முகம் மாற்றும் வணிகக் கட்டடம், பாரம் தாங்க முடியாத பழைய சுவர், தீத்தடுப்பு ரகத்துக்குப் பணம் கொடுக்கத் தயாரான உரிமையாளர். வீட்டுக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

## எச்.பி.எல்., டபிள்யூ.பி.சி.

மரத்தின் தோற்றம் வேண்டுபவர்கள் இந்த இரண்டையும் கேட்கிறார்கள். எச்.பி.எல். என்பது ரெசினில் தோய்த்த காகித அடுக்குகளை அழுத்திச் செய்த பலகை, வெளிப்புறத்துக்கு 6 மில்லிமீட்டர் ரகம் வேண்டும். திருகாணித் துளையைத் திருகைவிடப் பெரிதாக விட வேண்டும், இல்லையென்றால் விரியும்போது துளையோரம் வெடிக்கும். மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த டபிள்யூ.பி.சி. பட்டைகள் நேர் வெயிலில் வெளுக்கும், வளையும். சன்ஷேட்டுக்குக் கீழே நிழலில் சிறு பகுதிக்கு இரண்டும் சரி. மேற்குச் சுவர் முழுக்க என்றால் இரண்டும் வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| வகை | சதுர அடிக்கு எடை | எதுவரை நம்பலாம் | பின்னால் வரும் செலவு |
|---|---|---|---|
| பூச்சு, வண்ணம் | கூடுதலாக ஏதுமில்லை | எந்த உயரமும் | ஐந்தாறு ஆண்டுக்கு ஒரு சாரம், வண்ணம் |
| எலிவேஷன் டைல்ஸ் | சுமார் 2 கிலோ | அட்ஹெசிவ், இணைப்பு சரியாக இருந்தால் முதல் மாடி | தட்டிப் பார்த்தல், கழன்றதை மாற்றுதல் |
| கிரானைட் 20 மி.மீ. | சுமார் 5 கிலோ | பசையில் ஆள் உயரம், மேலே கொக்கியோடு | மிகக் குறைவு |
| செங்கல் வில்லை | சுமார் 3.5 கிலோ | இறவார நிழல் உள்ள இடமெல்லாம் | ஊறும் பூச்சு, உப்புத் துடைத்தல் |
| ஏசிபி 4 மி.மீ. | சுமார் 0.5 கிலோ | சட்டத்தையும் நிரப்பையும் பொறுத்தது | சிலிக்கோன், சட்டத்துத் துரு |

## மயிலாடுதுறை வீட்டுக்கு

தரையிலிருந்து நான்கு அடி வரையும் போர்டிகோத் தூண்களுக்கும் கிரானைட். மாமனார் ஆசை அங்கே நிறைவேறட்டும், அந்த உயரத்தில் நல்ல அட்ஹெசிவ் போதும். வாசலை ஒட்டி, பால்கனியின் அடியில் நனையாத பகுதியில் செங்கல் வில்லை. மீதி அத்தனையும் பூச்சு, வெளிர் வண்ணம். 660 சதுர அடியில் பதிப்பு வருவது கால்வாசிக்கு மேல் போகாது. மிச்சமாகும் பணத்தில் மாடி ஜன்னலுக்கு முன்னால் சுடுமண் ஜாலி (துளைகள் உள்ள தடுப்பு) ஒன்று கட்டுங்கள். மேற்கு வெயிலை அது அறைக்கு வெளியிலேயே நிறுத்தும், காற்றை விடும். சுவரில் ஒட்டும் எந்தப் பொருளும் அந்த அளவுக்கு வெயிலைத் தடுக்காது.

சாரம் அவிழ்ப்பதற்கு முன் மூன்று வேலை இருக்கிறது. சன்ஷேட்டின் அடி விளிம்பில் தண்ணீர் சொட்டிப்போக ஒரு கோடு வெட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், அது இல்லாவிட்டால் மழைநீர் திரும்பிச் சுவரில்தான் வழியும். இணையக் கம்பி, கேமரா, ஏசிக் குழாய் எல்லாவற்றுக்கும் துளைகளை இப்போதே போட்டுவிடுங்கள், பதித்த பிறகு துளையிட வருபவர் கல்லை விரிசல் விடாமல் போகமாட்டார். பதித்த பரப்பு முழுவதையும் நீங்களே ஏறி, ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தால் தட்டிக் கேளுங்கள். வெற்றுச் சத்தம் வரும் இடத்தில் சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டு, அதை எடுத்து மறுபடி ஒட்டிய பிறகு கூலியைத் தீர்த்தால் போதும். மிஞ்சிய கல்லிலும் வில்லையிலும் ஒரு பெட்டி எடுத்து, வாங்கிய ரசீதோடு பரணில் வைத்துவிடுங்கள். பத்து ஆண்டு கழித்து அந்த நிறம் கடையில் இருக்காது.